எலிக்குப் போட்ட பொடி

திருச்செந்தூர்க் கடலில் முழங்கால் நனைய நின்று, இரண்டு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பி வருகிற ஊர் அது. அதற்கு மேல் ஆழம் பார்த்தவர்கள் எட்டயபுரத்துக்குக் கிழக்கே அந்தக் கரிசல் பக்கத்தில் யாரும் இல்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து கொம்பையாவின் மகள் ரேணுகாதேவி கடலுக்கு அடியில் வேலைக்குப் போகிறாள் என்றால் டீக்கடை சும்மா இருக்குமா? ஒரு வாரம் அதே பேச்சுதான். மீன் பிடிக்கவா, முத்துக் குளிக்கவா என்று கேட்டார்கள். பவளப்பாறை எண்ண என்று அவள் அண்ணன் இசக்கிதுரை சொன்னதும், "எண்ணி?" என்று கேட்டார்கள். அதற்கு அவனிடம் பதில் இல்லை.

ரேணுகாவிடம் பதில் இருந்தது. ஆனால் அவள் சொல்லமாட்டாள். விலங்கியலில் முதுகலை முடித்தவள். தூத்துக்குடியில் முங்குப் பயிற்சியும் எடுத்தவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மட்டும் வராது. கடலுக்கு அடியில் யாரும் பேச முடியாது என்பதே அந்த வேலையில் அவளுக்கு முதலில் பிடித்த விஷயம்.

வேலை அந்தமானில். தூத்துக்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து அந்தமான் என்று இரண்டு விமானம்.

ஊரெல்லாம் பேசியது, கொம்பையா மட்டும் பேசவில்லை. வேலை கிடைத்த அன்று சேதியைக் கேட்டுக்கொண்டார். "ம்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் தன்னால் எதிர்த்துப் பேச முடியாது என்பது ரேணுகாவுக்குத் தெரியும். அவர் போ என்று சொல்லாமல் போனால், போன இடத்தில் மனம் ஒன்றித் தண்ணீரில் இறங்க முடியாது என்பதும் தெரியும். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்றாள். அவர் ரசம் கேட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, உள்வீட்டில் உளுந்து மூட்டைக்கும் பருத்தி மூட்டைக்கும் நடுவே வைத்திருந்த நீலப் பையை வெளியே இழுத்து வந்தாள். முங்குவதற்கான சாமான் முழுவதும் அதில்தான் இருந்தது. கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க், காலில் மாட்டுகிற ஃபின், உடம்போடு ஒட்டும் கறுப்பு ரப்பர் உடுப்பு, காற்றடைத்து மிதக்கிற சட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக ரெகுலேட்டர். சிலிண்டரையும், ஆளை அடியில் நிறுத்துகிற ஈயக் கட்டிகளையும் அங்கேயே தருவார்கள். மற்றது அவரவர் கொண்டு வர வேண்டும். "மொத நாளே உன் சாமானோட ஒரு தடவை முங்கிக் காட்டணும். இங்க மாத்து கிடையாது. சாமான் சரியில்லேன்னா படகுல உக்காந்து குறிப்பு எழுத வேண்டியதுதான்" என்று குழுவின் தலைவி ப்ரியதர்ஷினி போனில் சொல்லியிருந்தாள்.

பையைக் கட்டுமுன் மாஸ்க் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டையை மாட்டாமல் முகத்தில் பொருத்தி மூக்கால் மூச்சை இழுத்தால், நல்ல மாஸ்க் கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ரேணுகா பொருத்தினாள். நன்றாக இழுத்தாள்.

முகத்துக்குள் தீப் பிடித்தது.

மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள். தும்மல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. கண் திறக்கவில்லை. அடுப்படியில் இருந்த அம்மா வெயிலம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏட்டி, என்னட்டி ஆச்சு? தேளா?"

"யம்மா... மொளகா..."

"மொளகாயா? அதுக்குள்ள எப்பிடிட்டி மொளகா வரும்?"

வெயிலம்மாள் மகள் தலையைக் குனியவைத்துக் கண்ணில் தண்ணீர் அடித்தாள். பிறகு மோரை எடுத்து வந்து மூக்கைச் சுற்றித் தடவினாள். லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கிதுரை சத்தம் கேட்டு வந்து, பைக்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"மாடியில காயிற வத்தல் தூசி இல்லம்மா இது. அரைச்ச பொடி. வேணும்னே தூவியிருக்கு. அந்தச் செருப்புக்குள்ளகூடப் போட்டிருக்கு பாரு."

"ஃபின்" என்றாள் ரேணுகா, தும்மலுக்கு நடுவே.

"ஆமா, அந்த வாத்துக்கால்ல."

உண்மைதான். ஒரு மூலை விடாமல், கை நிதானமாக, ஒரே சீராகத் தூவியிருந்தது. ரப்பர் உடுப்பின் மடிப்பில், மிதவைச் சட்டையின் பைகளில், ரெகுலேட்டர் குழாய் நெடுக. வாயில் கடித்துக்கொள்கிற பாகத்தின் உள்ளேகூடச் சிவப்பாக ஒட்டியிருந்தது.

வெயிலம்மாள் கையை உதறினாள். "நான் அந்தப் பைப் பக்கமே போகல தாயி. முந்தாநேத்து ஒங்க அப்பாதான் புதுசா அரைச்ச பொடியில ஒரு கிண்ணம் கேட்டாவ. எதுக்குன்னு கேட்டேன். வேலையப் பாருன்னாவ."



"சரிதான்" என்றான் இசக்கிதுரை. "வாயால சொல்ல முடியல. கையால சொல்லிட்டாவ போல."

"ஏலே, ஒன் வாயக் கழுவு. பெத்த பிள்ளைக்குச் செய்யுற காரியமாலே இது?"

அண்ணன் சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் அது ரேணுகாவின் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா கோபக்காரர் இல்லை. ஆளைத் தடுக்க வேண்டுமென்றால் அவர் சத்தம் போடமாட்டார், இப்படி எதையாவதுதான் செய்வார் என்று தோன்றியது.  செல்போனை எடுத்து ப்ரியதர்ஷினியின் எண்ணைப் பார்த்தாள். கீழே வைத்தாள். முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினாள். கழுவவா, யாருக்காவது கொடுத்துவிடவா என்று அவளுக்கே தெரியவில்லை. பரப்பிவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொம்பையா மிளகாய்க் காட்டிலிருந்து வரும்போது உச்சி சாய்ந்திருந்தது. வாசலில் கால் கழுவிக்கொண்டே முற்றத்தைப் பார்த்தவர், அப்படியே நின்றார்.

"இத ஏன் வெளிய எடுத்துப் போட்டிருக்க?"

ரேணுகா ஃபின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கேக்குதேன்லா. உள்ள பத்திரமா இருந்தத இங்கன பரப்பி வச்சா எலிக்கு விருந்தா? ஏன், கண்ணு ஏன் செவந்து கெடக்கு?"

"நீங்க போட்ட பொடிதான்" என்றான் இசக்கிதுரை. "மாஸ்க்கை மாட்டி ஒரு இழு இழுத்தா. மெட்ராஸ் வரைக்கும் விமானம் இல்லாமலே போயிருப்பா."

கொம்பையா மகனைப் பார்க்கவில்லை. சாக்கின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலிப் பையைப் புரட்டி அதன் அடி மூலையைக் காட்டினார். விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பிறகு ஃபின் ஒன்றை எடுத்துத் திருப்பினார். குதிகாலில் மாட்டுகிற ரப்பர்ப் பட்டையில் வரிசையாகப் பல் பட்ட தடம்.

"உளுந்து எடுக்கப் போனப்பப் பாத்தேன். இம்புட்டுதான் கொறிச்சிருந்தது. விட்டிருந்தா ஒண்ணையும் வச்சிருக்காது. ரப்பர்னா அதுக்கு அல்வா மாதிரி. போன வருசம் மோட்டார் ஒயர என்ன பாடு படுத்துனது? பொடியக் கொழச்சித் தடவுன பெறவு ஒரு எலி கிட்ட வந்துதா? சொல்லு."

கடைசிக் கேள்வி இசக்கிதுரைக்கு. அவன் தலையைச் சொறிந்தான். மோட்டார் ஒயருக்குப் பொடி தடவியது அவனேதான்.

ரேணுகா அந்தப் பல் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாளும் பையை அடி வரைக்கும் அவள் பார்க்கவே இல்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லாப்பா."

"நீ பயந்துக்கிடுவ. சாமான் போச்சேன்னு அழுவ."

"இல்லப்பா. இது..." அவள் ரெகுலேட்டரைத் தூக்கிக் காட்டினாள். "இத வாயில கடிச்சுக்கிட்டுத்தான் மூச்சு இழுக்கணும். காத்து இது வழியாத்தான் வரும்."

கொம்பையா அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாயிலயா?"

"ஆமாப்பா."

"முதுகுல கட்டுற சாமான்னுல்லா நெனச்சேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "மூச்சு விடுற சாமான்லயா போய்ப் பொடியப் போட்டேன்?"

கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவள் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். இரண்டும் நடக்கவில்லை. அந்த வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே சுபாவம். வெயிலம்மாள்தான் இருவருக்கும் சேர்த்துப் பேசி வந்தாள். இன்றைக்கு அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ரேணுகா சாக்கின் நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். எப்போதும்போல மெல்லிய குரல்தான், ஆனால் கேட்டுவிட்டாள்.

"நான் போறது ஒங்களுக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சேன்."

கொம்பையா துண்டால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"எம்புட்டு ஆழம்?"

"பன்னிரண்டு மீட்டர் இருக்கும். அதுக்கு மேல மொதல்ல விடமாட்டாங்க."

"மீட்டர்ல சொன்னா எனக்கு என்ன தெரியும்?"

அவள் யோசித்தாள். "நம்ம வடகாட்டுக் கெணறு இருக்கும்லாப்பா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்தக் கிணற்றில் அவர் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறார். தண்ணீர் கிடந்த காலத்தில் மோட்டாரைக் கழற்ற, தண்ணீர் இல்லாத காலத்தில் தூர் எடுக்க. அதன் அடியில் நின்று மேலே பார்த்தால் வானம் சுளகு அளவு தெரியும். கயிற்றின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு யாராவது ஒருவர் நிற்பார்.

"மேல யாரு நிப்பா?"

"படகுல ஆள் இருக்கும்பா. தண்ணிக்குள்ளயும் தனியா விடமாட்டாங்க. எப்பவும் ரெண்டு பேராத்தான் எறங்கணும்."

"அப்பம் சரி" என்று சொல்லவில்லை கொம்பையா. எழுந்தார். "இதக் கழுவுனாப் போயிருமா?" என்று கேட்டார்.

"போயிரும். ஆனா நல்ல தண்ணி வேணும். போர்த் தண்ணி ஆகாது. உப்புப் படிஞ்சா உள்ள இருக்கிற வால்வு கெட்டுரும்."

"நல்லாருக்குட்டி" என்றாள் வெயிலம்மாள். "உப்புக் கடல்ல ஊறப்போற சாமானுக்கு வீட்டுல நல்ல தண்ணி கேக்குதாக்கும்."

வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு குடம்தான் இருந்தது. குழாயில் வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. கொம்பையா சாப்பிடாமலே டி.வி.எஸ். வண்டியின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு ஊருணிக்குப் போனார். வந்து இறக்கிவிட்டு இன்னொரு நடையும் போனார்.

காரம் வெறும் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும் என்பது ரேணுகா படித்தது. மிளகாய் கிள்ளிய கைக்கு மோர் ஊற்றுவது அவள் அம்மாவுக்கு வழக்கம். இரண்டு பேரும் ஒரே மோர்ப்பானைக்குத்தான் கை நீட்டினார்கள். மாஸ்க்கையும், ரெகுலேட்டரிலிருந்து கழற்றிய வாய்ப்பாகத்தையும் மோரில் ஊறப்போட்டார்கள். உடுப்பையும் சட்டையையும் உதறிவிட்டுச் சோப்புத் தண்ணீரில் அலசினார்கள். ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டுகிற முனையில் தூசி மூடி இறுக்கமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ரேணுகாவுக்கு மூச்சு வந்தது. காற்றுக் குழாய்க்குள் பொடி போகவில்லை.

கொம்பையா ரெகுலேட்டரை ஏந்திக்கொள்ள, அவள் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தூரிகையால் தேய்த்தாள்.

"அப்பா, அந்த நடுவுல இருக்கிற பொத்தான மட்டும் அமுக்கிராதீங்க. அமுக்குனா தண்ணி உள்ள ஏறிரும்."

அவர் உடனே கட்டைவிரலைத் தனியாகத் தூக்கி நிறுத்திக்கொண்டார். கழுவி முடியும் வரை அந்த விரல் இறங்கவில்லை.

"கேஸ் ரெகுலேட்டர்னா அம்மாகிட்டக் கேட்டிருந்தா எந்தப் பக்கம் திருகணும்னு சொல்லியிருப்பா" என்றான் இசக்கிதுரை, உடுப்பைக் கொடியில் போட்டபடி. தொப்புத் தொப்பென்று சொட்டிக்கொண்டு அது கையும் காலுமாகத் தொங்கியது. சந்தில் போன பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமி ஒரு கணம் நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

"யாத்தே, ஆளுன்னுல்லா நெனச்சேன்!"

"ஆளுதான் சின்னம்மா. மோருல ஊறவச்சுக் காயப்போட்டிருக்கோம். ராத்திரிக்குப் பொரிக்கணும்."

மாசி வெயிலில் எல்லாம் பொழுது அடைவதற்குள் காய்ந்துவிட்டது. ரேணுகா மாஸ்க்கை மறுபடி முகத்தில் பொருத்தினாள். மூவரும் அவளையே பார்த்தார்கள். கொஞ்சமாக இழுத்தாள். பிறகு நன்றாக இழுத்தாள். மாஸ்க் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்குள் அவள் கண் சிரித்தது. மோர் வாடை மட்டும் லேசாக இருந்தது.

பிறகு எலி போட்ட ஓட்டையைத் தைத்துவிட்டுப் பை கட்டினார்கள். ரெகுலேட்டர், மாஸ்க், ஆழம் காட்டுகிற கடிகாரம், டார்ச்சின் பேட்டரி இவையெல்லாம் கையோடு கொண்டு போகிற சிறு பைக்கு. பேட்டரியை அடியில் போகிற பையில் வைக்கக்கூடாது. கத்தியைக் கைப்பையில் வைக்கக்கூடாது.

"கத்தி எதுக்குட்டி? சுறாவக் குத்தவா?"

"பழைய வலை எதுலயாவது சிக்குனா அறுக்க" என்றாள் அண்ணனிடம். சொன்ன பிறகுதான் அப்பா கேட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

கொம்பையா அந்தக் கத்தியை உறையிலிருந்து உருவி, கட்டைவிரலால் முனையைத் தடவினார். "மொன்னை" என்றார். துவைகல்லுக்குப் போய், தண்ணீர் தெளித்து, மெதுவாகத் தீட்டிக்கொண்டு வந்து, ஒரு சணல் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்துக் காட்டிவிட்டு உறையில் போட்டார்.

மிளகாய் மூட்டை நிறுக்கிற கொக்கித் தராசை முற்றத்து இரும்புக் கம்பியில் மாட்டி, பையைத் தூக்கினான் இசக்கிதுரை. பதினைந்து கிலோதான் அனுமதி. முள் தாண்டி நின்றது.

"சாக்குக்குக் கழிப்பாம்லா?" என்றார் கொம்பையா.

"கழிக்க மாட்டாங்கப்பா. பையோட சேத்துத்தான்."

"அதெப்படி? பை என்ன சரக்கா? மண்டியிலயே சாக்குக்குன்னு கழிக்கான்."

"அவன் நம்ம சரக்குல கழிக்கான்" என்றாள் வெயிலம்மாள். "நமக்குக் கழிக்கணும்னா எவன் கழிப்பான்? ஏட்டி, எதையாவது எடு."

ரேணுகா பையைத் திறந்து ஃபின்னை வெளியே எடுத்தாள். கால் நுழைகிற பொந்து இரண்டும் கனத்தன. உள்ளே கடலைமிட்டாய்ப் பொட்டலங்கள் திணித்திருந்தன. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கொடியைப் பார்த்தாள்.

"சும்மா கெடக்குற எடம்தான" என்றாள் வெயிலம்மாள்.

ரேணுகா மிட்டாயை அப்படியே வைத்துவிட்டு, கனமான ஜீன்ஸையும் போர்வையையும் எடுத்து வெளியே போட்டாள். தராசு முள் கோட்டுக்குள் வந்தது.

மறுநாள் லோடு ஆட்டோவில் விமான நிலையத்துக்குப் போனார்கள். பின்னால் பையை அணைத்துக்கொண்டு கொம்பையா உட்கார்ந்து வந்தார். வாசலில் இறங்கியதும் வெயிலம்மாள் மகளுக்குத் திருநீறு பூசினாள். அழவில்லை. காற்றுதான் கண்ணில் பட்டது என்றாள். உள்ளே டிக்கெட் உள்ளவர்கள்தான் போகலாம். ரேணுகா பை வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எதற்காக நிற்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கொம்பையா பையின் ஜிப்பை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"எறங்குறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போடு. ஏறுன பெறவு ஒண்ணு போடு."

"தினமும் எறங்கணும்பா."

"தினமும் போடு. நான் எங்க போகப்போறேன்? காட்டுலதான் கெடப்பேன்." பிறகு சொன்னார். "போயிட்டு வா தாயி."

பெரிய பை சிக்கலில்லாமல் போய்விட்டது. கைப்பையைத்தான் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தினார்கள். திரையில் குழாயும் உலோகமுமாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, சீருடை அணிந்த பெண் காவலர் பையைத் திறக்கச் சொன்னார். ரெகுலேட்டரைத் துணியிலிருந்து பிரித்தார். பின்னால் வரிசை நின்றது. எல்லாருடைய கண்ணும் தன்மேல் இருப்பது ரேணுகாவின் காதுமடல் வரை சுட்டது.

"என்னம்மா இது?"

"ரெகுலேட்டர்." காவலருக்குக் கேட்கவில்லை. ரேணுகா தொண்டையைச் செருமினாள். "கடலுக்கு அடியில மூச்சு விடுறதுக்கு. சிலிண்டர் இதுல இல்ல. அங்கே தருவாங்க."

காவலர் அதை முகத்தருகே கொண்டு போய்த் திருப்பிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். தும்மினார். மறுபடி தும்மினார்.

"என்ன நெடி இது?"

"மிளகாய்ப்பொடி மேடம்."

"மிளகாய்ப்பொடியா? கையில கொண்டு போகக்கூடாதுன்னு தெரியாதா?"

"கொண்டு போகல மேடம். வீட்டுல எலி கடிக்காம இருக்க எங்க அப்பா தூவுனாங்க. கழுவிட்டோம். வாசனை மட்டும்தான் இருக்கு." இவ்வளவு வார்த்தைகளை, இத்தனை பேர் முன்னால், இவ்வளவு உரக்க அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

காவலர் ரெகுலேட்டரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். ஒன்றும் உதிரவில்லை. "எப்படிப் போடுவீங்க இதை?" என்று கேட்டார். சோதனைக்கா, தெரிந்துகொள்ளவா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ரேணுகா வாய்ப்பாகத்தைத் துடைத்துப் பல்லிடுக்கில் கடித்து, உதட்டை மூடி, மூச்சை வெளியே விட்டுக் காட்டினாள். புஸ்ஸென்று சத்தம் வந்தது. காவலர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பையை இழுத்தார்.

ஜன்னல் ஓரத்து இருக்கை. விமானம் மேலெழும்பியபோது கீழே உப்பளப் பாத்திகளுக்கு அப்பால் கடல் தெரிந்தது. வாய்ப்பாகம் பட்ட மேலுதட்டின் ஓரம் லேசாக எரிந்துகொண்டே இருந்தது. தண்ணீர்ப் பாட்டில் கையில்தான் இருந்தது. அந்த எரிச்சல் இருக்கட்டும் என்று அவள் குடிக்கவில்லை.